வடம் பிடிக்கும் மலை

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கு. நூற்றுக்கணக்கான கைகள் வடத்தைப் பற்றினாலன்றித் தேர் நிலையை விட்டு அசையாது என்பதைக் குழந்தைப் பருவம் முதல் கண்டிருக்கிறோம். ஆனால், ஊர் கூடி ஆகாய விமானத்துக்கு வடம் பிடிக்கும் காட்சியை வாசகர்களில் அநேகர் கண்டிருக்க மாட்டார்கள். சென்ற கோடை விடுமுறை வரையில் நாமும் கண்டதில்லை. இப்போது கண்டது மட்டுமல்ல. நம் கையாலேயே அந்த வடத்தைப் பிடித்து ஓடி, மூச்சு வாங்கி, புல்தரையில் உட்கார்ந்தும் விட்டோம். அந்த விருத்தாந்தத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஜெர்மனி தேசத்தில் எஞ்சினியராக வேலை பார்க்கும் நமது பழைய மாணவர் ஒருவர், "விடுமுறைக்கு ஒரு தடவை வாருங்கள், ஸார்" என்று மூன்று வருஷமாக எழுதிக் கொண்டிருந்தார். போவதற்கு ஆசை இருந்தது. கூடவே ஒரு சங்கோஜமும் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. அந்த மாணவர் பத்தாம் வகுப்பில் படித்தபோது, மூங்கில் சிம்புகளாலும் காகிதத்தாலும் ஒரு சிறு விமானம் செய்து பள்ளிக்குக் கொண்டு வந்தார். நாலைந்து தோழர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கப் போவதாகவும், மாலை வேளையில் விளையாட்டு மைதானத்தை அவர்களுக்கு விட வேண்டும் என்றும் கேட்டார். "முதலில் பரீட்சை முடியட்டும்" என்று சொல்லி அந்த விமானத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பரீட்சை முடிந்தது, பையனும் பள்ளியை விட்டுப் போனான், விமானம் மட்டும் அலமாரியிலேயே தங்கிவிட்டது. இப்போது அவர் எழுதிய கடிதங்களில், "இங்கே ஒரு பறக்கும் சங்கத்தில் நான் அங்கத்தினன்" என்ற வரி தவறாமல் இருந்தது. நம் சங்கோஜத்துக்கு அதுவே காரணம்.

பிராங்க்பர்ட் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் சென்றால் ஃபுல்டா என்னும் பழைய பட்டணம் வருகிறது. அங்கிருந்து சிறிய ரயில் ஒன்று ஆற்றோரமாகவே ஊர்ந்து கெர்ஸ்ஃபெல்டு என்னும் மலையடிவாரச் சிற்றூரில் நம்மை இறக்கி விடுகிறது. அதற்கு மேல் மோட்டார் பாதை. மாணவரின் காரில் ஏறி, வாஸர்குப்பே என்ற மலையின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். ரோன் மலைத்தொடரில் இதுவே உயரமானது. உயரம் என்றதும் இமயத்தை நினைக்க வேண்டாம், 950 மீட்டர்தான். நமது ஏற்காட்டில் நிற்பவர் இதைக் குனிந்து பார்க்கலாம். ஃபுல்டா ஆறு இந்த மலைச் சரிவில்தான் ஓர் ஊற்றாகப் பிறக்கிறது.

இந்த மலையின் விசேஷம் உயரத்தில் இல்லை. மொட்டையாக இருப்பதில் இருக்கிறது. உச்சியில் காடு கிடையாது. பரந்த புல்வெளி, நாற்புறமும் சரிவு, எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தாலும் தடுப்பதற்கு மரமில்லை. மே மாதத்திலும் அந்தக் காற்று நம் கம்பளிச் சட்டையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. தொப்பி ஒரு முறை பறந்தது. "இந்தக் காற்றுக்காகத்தான், ஸார், நூறு வருஷத்துக்கு முன்னே பையன்கள் இங்கே நடந்து வந்தார்கள்" என்றார் மாணவர்.

உண்மையில் நூறு வருஷத்துக்கும் மேலாகிறது. 1911-ஆம் வருஷத்தில் டார்ம்ஸ்டாட் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலர், தாங்களே கட்டிய இயந்திரமில்லாத விமானங்களைச் சுமந்துகொண்டு இந்த மலைக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் அவர்களில் ஒருவர் 838 மீட்டர் தூரம் பறந்தார். பிறகு முதல் உலக யுத்தம் வந்து, பிள்ளைகளை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டது.

யுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. 1919-ஆம் வருஷத்து வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை அந்த நாட்டுக்கு விமானப் படை கூடாது என்று விதித்தது. இயந்திர விமானங்கள் கட்டுவதற்கும் தடைகள் வந்தன. ஆனால் இயந்திரமே இல்லாத விமானத்தைப் பற்றி அந்தக் கனத்த பத்திரத்தில் யாரும் கவலைப்படவில்லை. அப்போது ஆஸ்கார் ஊர்ஸினுஸ் என்ற எஞ்சினியர், தாம் நடத்திய பறப்புக் கலைப் பத்திரிகையில் ஓர் அழைப்பு விடுத்தார்: பறக்க ஆசையுள்ள வாலிபர்கள் 1920-ஆம் வருஷக் கோடையில் வாஸர்குப்பே மலைக்குத் தங்கள் விமானங்களோடு வரட்டும் என்பதே அதன் சாரம். வந்தார்கள். கூடாரங்களில் படுத்தார்கள், கிடைத்ததைச் சமைத்துத் தின்றார்கள், பகலில் உடைந்த இறக்கையை இரவில் விளக்கொளியில் ஒட்டினார்கள். பீட்டர் ரீடல் என்ற பதினான்கு வயதுப் பையனும் தானே கட்டிய விமானத்தோடு வந்திருந்தான். அந்த முதல் போட்டியிலேயே ஒருவர் உயிரிழந்தார். அப்படியும் கூட்டம் கலையவில்லை.

அந்த வருஷம் க்ளெம்பரர் என்பவர் 1,830 மீட்டர் தூரத்தை 2 நிமிஷம் 22 விநாடியில் கடந்தார், உலகமே வியந்தது. இரண்டே வருஷத்தில், 1922-இல், ஹானோவர் கலாசாலை மாணவர்கள் கட்டிய 'வாம்பியர்' என்னும் விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேலும், சில தினங்களில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகாயத்தில் நின்றது. நிமிஷக் கணக்கு மணிக் கணக்கானது எப்படி? பதில் நம் ஊர்ப் பருந்துக்குத் தெரியும். காற்று மலைச் சரிவில் மோதினால், போக்கிடமின்றி மேலே ஏறுகிறது. வெயிலில் சூடான நிலத்திலிருந்தும் காற்று தூணைப்போல் எழும்புகிறது. பருந்து இறக்கையை அடிக்காமல் அந்தத் தூணுக்குள் வட்டமிட்டே உயரப் போய்விடுகிறது. கிளைடர் என்னும் இயந்திரமில்லா விமானம் எப்போதும் காற்றில் மெல்லச் சறுக்கிக் கீழே வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது சறுக்குவதைக் காட்டிலும் வேகமாகக் காற்று மேலே ஏறினால், விமானமும் ஏறுகிறது. ரகசியம் இவ்வளவுதான். கீழிறங்கும் படியில் மேலேறுவது போன்ற வித்தை இது.

மலையுச்சியில் 1987-ஆம் வருஷம் திறக்கப்பட்ட கிளைடர் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. பழைய விமானங்கள் பலவற்றை அங்கே கண்டோம். அவற்றில் ஒன்று நம்மை வெகுநேரம் நிறுத்தியது. ஒரு மரச்சட்டம், அதன் முன்னே ஒரு பலகை ஆசனம், தலைக்கு மேலே இறக்கை, அவ்வளவுதான். சுவர் இல்லை, கூரை இல்லை. அதன் பெயருக்கு ஜெர்மன் பாஷையில் 'மாணாக்கன்' என்று பொருளாம். 1926-இல் உருவான அந்த வகை விமானத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் முதற்பாடம் கற்றார்கள். இரண்டாவது ஆசனம் இல்லாதபடியால் ஆசிரியர் கூட ஏற முடியாது. தரையில் நின்று கத்துவது ஒன்றே அவர் பங்கு. இந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்த்தபோது நம் தொழிலில் நமக்கிருந்த பெருமை சிறிது குறைந்தது.

வெளியே வந்தால், பழைய விமானங்களைப் பேணுகிற அன்பர்கள் சிலர் ஒன்றைச் சரிவின் விளிம்பில் நிறுத்தியிருந்தார்கள். அதன் மூக்கிலுள்ள கொக்கியில் மொத்தமான ரப்பர்க் கயிறு மாட்டியிருந்தது. கயிற்றின் இரு கிளைகளும் இரு பக்கமாய் விரிந்து சரிவில் இறங்கின. ஒவ்வொரு கிளைக்கும் நாலு பேர் வேண்டும். ஒரு பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தது. மாணவர் நம்மைப் பார்த்தார். நாம் வேஷ்டி கட்டிப் போகாதது எவ்வளவு நல்லதாயிற்று!

பின்னால் இரண்டு பேர் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். 'இழு' என்று பொருள்படும் ஒரு குரல். எட்டுப் பேரும் கயிற்றோடு நடந்தோம். 'ஓடு' என்று இன்னொரு குரல், சரிவில் ஓடினோம். கயிறு நீண்டு விறைத்து, இனி ஓர் அடியும் வைக்க முடியாது என்று தோன்றிய சமயத்தில் 'விடு' என்ற குரல் வந்தது. வாலைப் பிடித்தவர்கள் கையை எடுத்தார்கள். தலைக்கு மேலே ஒரு பெரிய நிழல் சீறிக்கொண்டு போயிற்று. கயிறு தானாகக் கழன்று புல்லில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், விமானம் பள்ளத்தாக்கின் மேல் சத்தமின்றி நின்றுகொண்டிருந்தது. ஒருவர் பறப்பதற்குப் பத்துப் பேர் ஓடினோம். அடுத்த முறை, பறந்தவர் கயிறு பிடித்தார். கயிறு பிடித்தவரில் ஒருவர் ஏறினார். இதுதான் இந்த மலையில் பிறந்த சங்கங்களின் ஆதி சட்டம்.

சற்றுத் தொலைவில் கருங்கற்களை அடுக்கிய மேடை ஒன்றின் மேல் வெண்கலக் கழுகு ஒன்று அமர்ந்திருக்கிறது. யுத்தத்தில் இறந்த விமானிகளுக்காக 1923-ஆம் வருஷம் எழுப்பிய ஞாபகச் சின்னம் அது. மீண்டும் பற, மீண்டும் வெல் என்று ஜாதியை அறைகூவும் வாசகம் அதில் பொறித்திருக்கிறது. தோற்ற தேசத்தின் மனம் புண்பட்டிருந்தது இயற்கையே. அடிமைப்பட்ட தேசத்தில் பிறந்த நம் முன்னோருக்கு அந்தப் புண்ணின் வலி தெரியாததல்ல. ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1933-ஆம் வருஷத்தில் ஹிட்லர் ஆட்சி ஏற்பட்டதும், ஊருக்கொன்றாய்ச் சுயேச்சையாக நடந்துவந்த பறக்கும் சங்கங்கள் யாவும் ஒரே ஸ்தாபனத்துக்குள் அடக்கப்பட்டன. 1937-இல் கட்சியைச் சார்ந்த சீருடைப் படை ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது. ஹிட்லரின் இளைஞர் படையில் சேர்ந்த பிள்ளைகள் கிளைடர் ஓட்டப் பழகினார்கள். பலர் அங்கிருந்து நேரே போர் விமானங்களுக்குப் போனார்கள். ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் என்பவரின் கதை ஒன்றே போதும். 1929-இல் முதன் முதலாக 100 கிலோமீட்டருக்கு மேல் இயந்திரமின்றிப் பறந்தவர் அவர். இந்த மலையில் அவரைத் தோளில் தூக்காத குறைதான். அவர் ஆஸ்திரிய நாட்டு யூதர். புதிய ஆட்சியில் அவருக்கு இடமில்லாமற் போகவே இங்கிலாந்துக்குச் சென்றார். 1948-இல் அங்கே ஒரு புது விமானத்தைச் சோதிக்கையில் உயிர் துறந்தார். யுத்தம் முடிந்த பின் நேச நாடுகள் ஜெர்மனியில் கிளைடர் பறப்பதையே தடுத்தன. 1951-இல்தான் மறுபடியும் இந்த மலையில் இறக்கைகள் எழுந்தன.

கழுகின் அடியில் நின்று நாம் யோசித்தது இது: கயிற்றை இழுத்த கைகள் அதே கைகள்தான், 1920-இல் இழுத்ததும் அவையே, 1937-இல் இழுத்ததும் அவையே. ஆனால் முன்னே 'விடு' என்று சொன்னவர் தோழர். பின்னே சொன்னது மேலிடம். முன்னே யார் வரலாம் என்பதற்குப் பறக்கும் ஆசை ஒன்றே யோக்கியதை; பின்னே குலம் கேட்டார்கள். சங்கத்தின் பெயரும் பாட்டும் கொடியும் எத்தனை பெரிதானாலும், இந்த இரண்டு விஷயங்களைக் கைவிட்ட சங்கம் சங்கமல்ல. தேசபக்தி மிகுந்த நாம் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மலைக்குக் கீழே மாணவர் சேர்ந்திருக்கும் சங்கத்தின் மைதானத்துக்குப் போனோம். ஜெர்மனியில் இப்படிப்பட்ட சங்கங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு நீண்ட புல்தரை, ஒரு கொட்டகை, காப்பி போட ஓர் அறை. மாளிகை ஒன்றையும் காணோம். காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடி, அன்றைய வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். விமானத்தைக் கொட்டகையிலிருந்து தள்ளி வருபவர் சிலர். இறக்கை முனையைத் தாங்கி ஓடுபவர் ஒருவர். ஒவ்வொரு பறப்பின் நேரத்தையும் குறிப்பவர் ஒருவர். இப்போது ரப்பர்க் கயிற்றுக்குப் பதிலாக, மைதானத்தின் மறுகோடியில் பெரிய உருளையுள்ள இயந்திரம் ஒன்று, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் கயிற்றைச் சுருட்டி இழுக்கிறது. காற்றாடியைப் பையன் இழுத்து ஏற்றுவது போலவே விமானம் முந்நூறு, நானூறு மீட்டர் ஏறிவிடுகிறது. அந்த இயந்திரத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர் பல் போன கிழவர். கழன்று விழுந்த கயிற்றைக் காரில் கட்டி இழுத்து வந்தவள் ஒரு டாக்டர் அம்மாள்.

"இவர்களுக்கெல்லாம் என்ன சம்பளம்?" என்று கேட்டோம்.

மாணவர் சிரித்தார். "சம்பளமா? பறக்கக் கற்றுக் கொடுப்பவருக்குக் கூடக் கிடையாது, ஸார். நாங்கள்தான் சந்தா கொடுக்கிறோம். குளிர்காலத்தில் பறக்க முடியாது. அப்போது விமானங்களைக் கழற்றித் தேய்த்து மெழுகு பூச வேண்டும். வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. குறைந்தால் பணம் கட்ட வேண்டும். ஆனால், பணத்தைக் கட்டிவிட்டு வேலைக்கு வராதவரை யாரும் மதிக்க மாட்டார்கள்."

நம் ஊர்ச் சங்கங்களை நினைத்துக்கொண்டோம். தலைவர் ஒருவர், உபதலைவர் நால்வர், மாலை பத்து. நாற்காலி எடுத்துப் போடத்தான் ஆள் அகப்படுவதில்லை.

அன்று பிற்பகல் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி முதன் முறையாகத் தனியே பறக்க வேண்டிய நாள். அந்நாட்டில் பதினான்கு வயது நிரம்பினால் கிளைடரில் தனியே பறக்க அனுமதி உண்டு. அதுவரை அவளோடு பின் ஆசனத்தில் பறந்துவந்த ஆசிரியர் இறங்கி, கண்ணாடி மூடியைச் சாத்தி, இரண்டடி விலகி நின்றார். விமானம் எழும்பியதும் மைதானத்தில் பேச்சு நின்றது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நாம் மறக்க மாட்டோம். நம் பதவியில் இருபது வருஷமாக எத்தனையோ பேரைப் பரீட்சைக்கு அனுப்பியிருக்கிறோம். ஆனால் இப்படி, இறங்கி விலகி நின்று பார்த்ததுண்டா என்று நெஞ்சு கேட்டது.

மூன்று முறை ஏறி மூன்று முறையும் ஒழுங்காக இறங்கினாள். உடனே சங்கத்தார் அனைவரும் வரிசையாக நின்றார்கள். அவளைக் குனியச் சொல்லி, ஆளுக்கொரு தட்டுப் பின்புறத்தில் தட்டினார்கள். மேலெழும் காற்றை ஆசனத்தின் வழியாக உணர வேண்டிய உறுப்பு அதுவாம். அதற்கு உணர்ச்சி உண்டாக்குவதே இந்தச் சடங்கின் தாத்பரியமாம்! பிறகு அவள் கையில் ஒரு செண்டு கொடுத்தார்கள். ரோஜாச் செண்டு அல்ல. மைதானத்தோரம் பறித்த முட்செடியும் காட்டுப் புல்லும் கட்டிய செண்டு. அவள் முள் குத்தக் குத்த அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த கால் மணி நேரத்தில் அவளே இறக்கை முனையைப் பிடித்து இன்னொருவருக்காக ஓடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நம் முறை வந்தது. வீட்டில் கொடுத்துவந்த வாக்குறுதிகளில் 'விமானத்தில் ஏறுவதில்லை' என்பது இல்லை. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஓட்டையின் வழியாக ஏறிவிட்டோம். இரண்டு ஆசனமுள்ள அந்த விமானம் வாஸர்குப்பே அடிவாரத்துப் பாப்பன்ஹௌஸன் கிராமத்தில் கட்டப்பட்டது. 1927-இல் ஷ்லைஹர் என்ற தச்சர் மலைப் போட்டியில் வென்ற பணத்தைக் கொண்டு அங்கே தொடங்கிய தொழிற்சாலை இன்றும் நடக்கிறது. இறக்கையின் அகலம் 17 மீட்டர். காற்று அசையாமல் இருந்தால், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 34 கிலோமீட்டர் சறுக்கிப் போகுமாம்.

முன் ஆசனத்தில் நாம். பின் ஆசனத்தில் பயிற்றுவிக்கும் தகுதி பெற்ற நம் மாணவர். வகுப்பறை தலைகீழாகிவிட்டது. கயிறு விறைத்தது, முதுகை யாரோ தள்ளினார்கள், பூமி காலுக்கடியில் நழுவிப் போயிற்று. உயரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், கயிறு கழன்றது. அதன் பின் காற்றின் மெல்லிய இரைச்சல் தவிர வேறொன்றும் இல்லை. "வலது பக்கம் பாருங்கள், ஸார்" என்றது குரல். பிளவுபட்ட வாலுடைய செந்நிறப் பருந்து ஒன்று இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டது. நாமும் அதன் வட்டத்துக்குள் சேர்ந்துகொண்டோம். அது நம்மைக் கண்டு விலகவில்லை. அது ஏற, நாமும் ஏறினோம்.

அங்கேதான் துணிந்து கேட்டோம். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பது சௌகரியமாக இருந்தது. "தம்பி, அந்த மூங்கில் விமானம் ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்கிறது, ஸார். அது பறந்திருக்காது. வாலில் பாரம் அதிகம். ஒரு தடவை விட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்."

குற்றம் சாட்டும் தொனி அதில் சிறிதும் இல்லை. அதனால்தான் அது நம்மைக் குத்தியது. பறக்கும் சந்தோஷத்தை மட்டுமா அந்தப் பையனுக்கு மறுத்தோம்? விழுந்து, ஏன் விழுந்தது என்று தெரிந்துகொள்ளும் பாக்கியத்தையும் அல்லவா பூட்டி வைத்தோம்! இறங்கியதும் குறிப்பெழுதும் பெண் '19 நிமிஷம்' என்று எழுதினாள். பிறகு நாமும் வரிசையில் நின்று, இருட்டும் வரையில் விமானம் தள்ளினோம்.

ஊர் திரும்பி, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் காரியமாக அலமாரியைத் திறந்தோம். காகிதத்தைச் செல் அரித்திருந்தது. மூங்கில் சட்டம் மட்டும் நன்றாக இருந்தது. அதை வகுப்பில் மேஜை மேல் வைத்து, வியாழக்கிழமை மாலைகளில் மைதானம் திறந்திருக்கும் என்று அறிவித்தோம். தலைவர் இல்லை, சந்தா இல்லை, யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியும் இல்லை. ஒரு விதி மட்டும் உண்டு: தன் விமானத்தை விட விரும்புகிறவன் முதலில் இன்னொருவன் விமானத்தை ஓடி எடுத்து வர வேண்டும்.

முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள். முதல் விமானம் நேரே வேப்பமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. அதைச் செய்த பையன் அழுவதற்குள், வேறு இரண்டு பையன்கள் மரத்தின் பாதி வரை ஏறிவிட்டார்கள். நாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டடி விலகி நின்றோம்.